பார்மசிஸ்ட்டை யார் செக் பண்றது? 1994-ல படிச்சவர், 2025-ல வந்த மாத்திரை

காட்பாடி வாசகர் கேள்வி | 1 நவம்பர் 2025

எங்க தெரு மெடிக்கல்காரர் 1994-ல டி.பார்ம், அதாவது பார்மசி டிப்ளமா, முடிச்சவர். சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டியிருக்கார், வருஷம் தெளிவா தெரியுது. அதுக்கப்புறம் ஒரு பரீட்சையாவது எழுதியிருப்பாரா? லண்டன்ல பார்மசிஸ்ட்டா இருக்கிற என் மச்சினிச்சிக்கு வருஷா வருஷம் பரீட்சை வைக்கிறாங்களாம். நம்ம ஊர்ல மட்டும் ஒரு தடவை பாஸ் ஆனா ஆயுசுக்கும் செல்லுமா? இந்தத் தொழில்ல இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.

2 நவம்பர், காலை

நான் இந்தத் தொழில்தான். குடியாத்தத்துல மெடிக்கல் வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி வேலூர் தோட்டப்பாளையத்துல ஒரு கடையில கவுன்ட்டர்ல நின்னவள்.

ஆயுசுக்கும் செல்லாது தம்பி. 1948 பார்மசி சட்டப்படி மாநில பார்மசி கவுன்சில் ரிஜிஸ்டர்ல பேர் இருக்கணும், அதைப் புதுப்பிச்சுக்கிட்டே வரணும். 2015 ஜனவரியில வந்த பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்ஸ் இன்னொண்ணும் சேர்த்தது: புதுப்பிக்கணும்னா அஞ்சு வருஷத்துல குறைஞ்சது ரெண்டு ரெப்ரெஷர் கோர்ஸ் போயிருக்கணும், ஒவ்வொண்ணும் குறைஞ்சது ஒரு நாள். பரீட்சை கிடையாது. போய் உட்கார்ந்துட்டு வந்தா சர்டிபிகேட்.

அந்த ஒரு நாள் எப்படி இருக்கும்னு கேட்டீங்கன்னா: காலையில ஹால்ல இடம் இருக்காது. பாதிப் பேர் கடையை யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டு வந்தவங்க, போன்ல "அது இல்லப்பா, ரெண்டாவது ரேக், கீழ் தட்டு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. மேடையில ஒருத்தர் ஸ்லைடுல இருக்கிறதை அப்படியே படிப்பார். பிரியாணி வந்து இறங்கினதும் முழிப்பு வரும். அதுக்கப்புறம் ஹால்ல இருக்கிறது மின்விசிறியும் சர்டிபிகேட் கட்டும்தான்.

2 நவம்பர், ராத்திரி

காலையில எழுதினதைப் படிச்சுப் பார்த்தேன், கொஞ்சம் காரம் ஜாஸ்தி. அப்படி ஒரு கோர்ஸ்லதான் ஒரு மேடம் இன்ஹேலரைக் கையில எடுத்து, "யாராவது வந்து செய்து காட்டுங்க"ன்னு கூப்பிட்டாங்க. தினமும் அதை விக்கிறவங்க நாங்க. மேடை ஏறினவர் குலுக்கவே இல்ல. அடுத்தவர் குலுக்கினார், ஆனா மூச்சை வெளிய விடாமலே அழுத்தினார். மருந்து தொண்டையிலயே நின்னுடும். நல்லா குலுக்கி, மூச்சை முழுசா வெளிய விட்டு, வாயில வச்சு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, பத்து நொடி மூச்சைப் பிடிக்கணும். ஸ்டீராய்டு இன்ஹேலர்னா கடைசியில வாய் கொப்பளிக்கணும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே அன்னிக்குப் போனது வீண் இல்ல. இப்பவும் புதுசா இன்ஹேலர் வாங்க வர்ற பீடித் தொழிலாளிகளுக்கு கவுன்ட்டர்லயே ஒரு காலி டப்பாவை வச்சு செய்து காட்டுறேன்.

மீதி ஆறு மணி நேரத்தையும் இப்படியே நடத்தியிருந்தா நான் ஏன் புலம்பப் போறேன்.

4 நவம்பர்

லண்டன் விஷயம். பரீட்சைன்னு உங்க மச்சினிச்சி சொன்னது சுருக்கமா சொன்னதா இருக்கும். அங்க ஜெனரல் பார்மசூட்டிக்கல் கவுன்சில்னு ஒண்ணு, 2010-ல இருந்து இருக்கு. 2018-ல ரீவேலிடேஷன்னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. பார்மசிஸ்ட் வருஷத்துக்கு ஆறு பதிவு எழுதி அனுப்பணும். நாலு பதிவு, அந்த வருஷம் என்ன கத்துக்கிட்டோம், அதனால நோயாளிக்கு என்ன நடந்ததுன்னு. அதுல குறைஞ்சது ரெண்டு, முன்கூட்டியே யோசிச்சு வச்சுக் கத்துக்கிட்டதா இருக்கணும். அஞ்சாவது, தொழில் தெரிஞ்ச இன்னொருத்தர்கூட உட்கார்ந்து பேசினது. ஆறாவது, கவுன்சில் அந்த வருஷத்துக்குச் சொல்ற ஒரு தலைப்பை வச்சு நம்ம வேலையை நாமே திரும்பிப் பார்த்து எழுதுறது. அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒன்பது பதிவு கேட்டுக்கிட்டு இருந்தாங்க, அதைக் குறைச்சுட்டு அந்தப் பேச்சைச் சேர்த்தாங்க.

எனக்கு இதுல பொறாமை அந்த அஞ்சாவது மேலதான். எழுதுறதை யாரும் கதையா எழுதிடலாம், நம்ம ஆளுங்க ரெக்கார்டு நோட்டு எழுதின கை. ஆனா எதிர்ல ஒருத்தர் உட்கார்ந்து "அந்த சீட்டுக்கு ஏன் டாக்டருக்கு போன் பண்ணல?"ன்னு கேட்டா மழுப்ப முடியாது.

குடியாத்தத்துல நான் யார்கூட உட்காருறது? எதிர்க்கடைக்காரர் என்னைவிட ரெண்டு பர்சன்ட் கூடுதலா தள்ளுபடி போர்டு வச்சிருக்கார். பார்மசிஸ்ட் வாட்ஸப் குரூப் இருக்கு: காலையில முருகர், மத்தியானம் "ஷார்ட் எக்ஸ்பயரி ஸ்டாக் யாருக்காவது வேணுமா", ராத்திரி மறுபடி முருகர்.

7 நவம்பர்

மூணு பேர் ஒரே கேள்வி: "அப்போ 1994-ல படிச்சவர்கிட்ட வாங்கலாமா கூடாதா?" வருஷத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளம்.

தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் போனவங்களுக்குத் தெரியும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற வங்காளம், ஜார்கண்ட், அசாம், பங்களாதேஷ் ஜனங்க மாசக்கணக்குல லாட்ஜ்ல தங்குவாங்க. கடை போர்டுல வங்காளி எழுத்து இருக்கும், கவுன்ட்டர்ல பசங்க வங்காளி பேசுவாங்க. நான் வேலை செஞ்ச கடையில ஒரு பெரியவர் இருந்தார். வாலாஜாபேட்டைக்காரர், பழைய டி.பார்ம், இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் சீட்டு வந்தா மட்டும் வேற யாரையும் எடுக்க விடமாட்டார்.

அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். மத்த மருந்தெல்லாம் தினமும், இது மட்டும் வாரம். டாக்டர் சீட்டுல தெளிவாத்தான் எழுதியிருப்பார். கடையில கவர் மேல 1-0-0 (தினமும் காலையில ஒண்ணு), 1-0-1 (காலையும் ராத்திரியும்)ன்னு கை பழக்கத்துல எழுதிக்கிட்டே வரும்போது இதுக்கும் 1-0-0 விழுந்துடும். விழுந்தா வாய் புண்ணாகும், ரத்த அணு குறையும், ஆளே போயிடலாம்.

பெரியவர் அதை மத்த அட்டைகளோட ஒரே கவர்ல போடவே மாட்டார். தனிக் கவர். மேல 1-0-0 கிடையாது. "எந்தக் கிழமை சாப்பிடுவீங்க?"ன்னு கேட்பார். அவங்க "சோம்பார்"ன்னா, திங்கக்கிழமைன்னு வங்காளி எழுத்துல பெருசா எழுதி, எத்தனை மாத்திரைன்னு பக்கத்துல வட்டம் போட்டு, கவரை ஸ்டேப்பிள் அடிப்பார். கூடவே வர்ற போலிக் ஆசிட் அட்டையை வேற கவர்ல போட்டு, "அது இருக்கிற கிழமையில இது வேணாம்"னு டாக்டர் எழுதினபடி சொல்வார். கடைசியில அவங்களையே திருப்பிச் சொல்லச் சொல்வார். சொன்னாத்தான் கவர் கை மாறும். பின்னால வரிசை கத்தும். கத்தட்டும்னு நிப்பார்.

ஒரு நாள் வேற கடையில வாங்கின கவரோட ஒரு அம்மா வந்தாங்க, பேரன் கூட. வாய் திறக்க முடியல, டீ கூட எரியுதுன்னு அவன் சொன்னான், வாய்ப்புண்ணுக்கு ஜெல் கேட்டான். கவுன்ட்டர்ல இருந்த பையன் ஜெல்லை எடுத்துட்டான். பெரியவர் எட்டிப் பார்த்து, வேற என்ன மருந்து ஓடுதுன்னு பையைக் கொட்டச் சொன்னார். அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி "ரோஜ்?"னார். அந்த அம்மா தலையாட்டினாங்க, ரோஜ். தினமும். அட்டை கிட்டத்தட்ட காலி. ஜெல்லை வாங்கி உள்ள வச்சுட்டு, "இப்பவே ஆஸ்பத்திரி, இந்த அட்டையோட"ன்னு அந்தப் பையனையே கூட அனுப்பி ஆட்டோ ஏத்தினார். போய் சேர்ந்தாங்க, அட்மிட் பண்ணினாங்க, பிழைச்சாங்க. அப்புறம் அந்தப் பேரன் வந்து பெரியவர் காலைத் தொட்டான், அவர் சங்கடப்பட்டுக்கிட்டு "அடுத்தாளு வாங்க"ன்னார்.

இது எந்த ரெப்ரெஷர்லயும் சொல்லிக் கொடுத்தது இல்ல. வங்காளி கிழமைப் பேர் எந்த பாடத்திட்டத்துலயும் இல்ல. அவர் பக்கத்துல நின்னு நாங்க கத்துக்கிட்டோம். நீங்க சொல்ற கணக்குப்படி பார்த்தா அவர் சர்டிபிகேட்தான் கடையிலேயே பழசு.

7 நவம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

ஆனா அதே பெரியவருக்குக் கண்ணுல புரை விழுந்தப்போ யாருக்கும் சொல்லத் தைரியம் இல்ல. லென்ஸ் வச்சு எக்ஸ்பயரி பார்த்துக்கிட்டு இருந்தார். முதலாளி சொல்லல, நாங்க சொல்லல, கவுன்சிலுக்குத் தெரிய வழியே இல்ல. கடைசியில அவர் மருமகதான், "மாமா, அடுப்பையே தடவித் தடவித்தான் பத்த வைக்கிறீங்க, கடையில இன்னா பண்றீங்க?"ன்னு சண்டை போட்டு ஆபரேஷனுக்கு இழுத்துக்கிட்டுப் போனா. முடிச்சுட்டு வந்து இன்னும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அறிவு இருந்தாலும் உடம்பு ஒத்துழைக்கணும், அதைக் கேட்க ஒரு ஆள் வேணும். நம்ம விதியில அந்தக் கேள்விக்கு இடமே இல்ல.

9 நவம்பர்

ஒருத்தர் கோபமா எழுதியிருக்கார்: "சர்டிபிகேட் ஒரு ஊர்ல, ஆள் ஒரு ஊர்ல. வாடகைக்கு விட்டுட்டு சவூதியில இருக்கிறவனுக்கு என்ன ரெப்ரெஷர்? சுவத்துல இருக்கிற போட்டோவுக்கு நடத்துவீங்களா?"

சிரிச்சேன். பொய்யும் இல்ல. பதிவு இல்லாத ஆள் சீட்டுக்கு மருந்து கொடுத்தா அதே 1948 பார்மசி சட்டத்துல 42-வது பிரிவு. முன்னாடி ஆறு மாச ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம்னு இருந்தது. 2023 ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்கு அப்புறம் மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆயிரம் ரூபாயெல்லாம் ஒரு காலை வியாபாரம். ரெண்டு லட்சம் உறைக்கும், பிடிச்சா.

36-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ரிஜிஸ்டர்ல இருந்து பேரை எடுக்கிறது. தப்பா சேர்த்த பேர், குற்றத்துக்குத் தண்டனை வாங்கினவர், தொழிலுக்கு இழுக்கு தேடினவர், இவங்களை எடுக்கலாம். அயோக்கியனைப் பிடிக்க சட்டத்துக்குத் தெரியுது. யோக்கியமா கடையில உட்கார்ந்து, படிச்சதை மறந்துக்கிட்டே வர்றவரை என்ன பண்றதுன்னு அதுல ஒண்ணும் இல்ல. எனக்கு அந்தக் கவலைதான் பெருசு, ஏன்னா வாடகை சர்டிபிகேட்காரன்கூட ஒரு நாள் மாட்டுவான்.

"டிரைவிங் லைசென்ஸ் மாதிரி வயசானா மெடிக்கல் டெஸ்ட் வைக்கலாமே"ன்னு இன்னொருத்தர். வைக்கலாம். லைசென்ஸ் டெஸ்ட் எப்படி நடக்குதுன்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும்.

டி.பார்ம் முடிச்சவங்களுக்கு எக்ஸிட் எக்ஸாம்னு 2022-ல விதி போட்டாங்க, மூணு பேப்பர், முதல் பரீட்சை 2024 அக்டோபர்ல நடந்தது. நல்லது. அது தொழிலுக்குள்ள நுழையறப்போ. அதுக்கப்புறம் முப்பது வருஷம் இருக்கே.

12 நவம்பர்

இன்சுலின் சிரிஞ்ச் மூடி ஏன் ரெண்டு கலர்ல இருக்குன்னு கேட்டவருக்கு: நம்ம ஊர் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலுக்கு 100 சிரிஞ்ச் போட்டா மருந்து பாதிக்கும் கீழ போகும். மாத்திப் போட்டா ரெண்டரை மடங்கு, மயக்கம்தான். கடைக்காரர் பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறாரான்னு கவனிங்க. அது போதும், அவர் எந்த வருஷம் படிச்சார்னு கேட்க வேண்டாம்.

16 நவம்பர்

படிச்சு முடிச்ச அப்புறம் என்னல்லாம் மாறிச்சுன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்கா, பி.பார்ம் கடைசி வருஷமாம். ஞாபகம் வர்றதைச் சொல்றேன்.

2014 மார்ச்ல ஷெட்யூல் எச் ஒன்னு ஒரு மருந்துப் பட்டியல் வந்தது, கடுமையான ஆன்டிபயாட்டிக், தூக்க மாத்திரை, டிபி மருந்து எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வைக்கணும். 2016 மார்ச்ல 344 கூட்டு மருந்துக்கு (ஒண்ணுக்கு மேல மருந்தை ஒண்ணாச் சேர்த்தது) தடை, ராத்திரியோட ராத்திரியா பாதி ரேக் என்ன ஆச்சுன்னு தெரியாம நின்னோம், அப்புறம் கேஸ், ஸ்டே, மறுபடி தடை. 2024 ஆகஸ்ட்ல இன்னொரு 156. அல்சருக்குக் கண்ணை மூடிக்கிட்டு எழுதின ரானிடிடின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து போயிடுச்சு. இன்னும் வந்து "அந்த ரோஸ் கலர் மாத்திரை குடு"ன்னு நிக்கிறாங்க.

எல்லாத்தையும்விட உறைச்சது போன மாச சிரப். மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல குழந்தைகள் செத்தாங்க, மருந்து நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானது, நம்ம மாநில லேப்ல பார்த்தப்போ 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால்ங்கிற விஷம். எனக்கு எப்படித் தெரிஞ்சது? டிவியில. அடுத்து, போனை நீட்டிக்கிட்டு வந்த ஒரு அம்மா, "அக்கா, இது நம்ம கடையில கீதா?" அதுக்கப்புறம்தான் ஸ்டாக்கிஸ்ட். அன்னிக்கு ஷட்டரை பாதி இறக்கிட்டு பர்ச்சேஸ் பில் எல்லாத்தையும் கொட்டி பேட்ச் நம்பர் தேடினேன், என்கிட்ட அந்தக் கம்பெனி சரக்கே இல்லைன்னு உறுதியானதும்தான் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா திரும்ப வந்து கேட்டப்போ பில்லைக் காட்டினேன்.

விஷம் கலந்ததை ஒரு கடைக்காரர் கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதை எங்க தலையில போடாதீங்க. ஆனா இன்னொண்ணு இருக்கு. குளோர்பெனிரமினும் பெனிலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்லயே உத்தரவு. அந்த சிரப்புலயும் இந்த ரெண்டும் இருந்தது. அப்போ விஷமே இல்லாட்டிகூட சின்னக் குழந்தைக்கு அது போயிருக்கக் கூடாது. அந்த உத்தரவு எத்தனை கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தது? "சளிக்கு ஒரு சிரப் குடு"ன்னு வர்றவங்ககிட்ட "குழந்தைக்கு எத்தனை வயசு?"ன்னு எத்தனை கடையில கேட்கிறாங்க? என் கடையில கேட்கிறோம். கேட்டா "உனக்கு எதுக்கும்மா அது, குடுன்னா குடு"ன்னு திட்டும் வாங்குறோம். போன மாசத்துல இருந்து திட்டு குறைஞ்சிருக்கு.

22 நவம்பர்

குறை மட்டும் சொல்லிக்கிட்டு இருக்கேன்னு எதிர்க்கடைக்காரரே இதைப் படிச்சுட்டு நேர்ல வந்துட்டார். ஆமா, தள்ளுபடி போர்டு சமாச்சாரம் உட்பட. கொஞ்ச நேரம் முறைச்சுக்கிட்டு நின்னார், அப்புறம் அவர் கடைக்கு வந்த ஒரு சீட்டைப் போட்டோ காட்டினார். வயசான ஒருத்தர், ரத்தம் உறையாம இருக்க வார்பரின் சாப்பிடுறவர். பல் டாக்டர் வேற சீட்டுல மெட்ரோனிடசோல் எழுதியிருக்கார். ரெண்டும் சேர்ந்தா ரத்தப்போக்கு ஆபத்து. "நான் பல் டாக்டருக்கு போன் போட்டேன், அவர் மாத்திக் கொடுத்தார். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னு கேட்டார். நானும் அதேதான், கூடவே ரத்தம் உறையறதைப் பார்க்கிற ஐ.என்.ஆர். டெஸ்ட் எப்போ பார்த்தாங்கன்னு கேட்டிருப்பேன்னேன். அது தோணலைன்னார். ஷட்டர் இறக்குற நேரம் வரைக்கும் பேசினோம்.

லண்டன்காரங்க சொல்ற அஞ்சாவது பதிவு இதுதானே.

30 நவம்பர்

அது ஒரு பழக்கமா ஆகிடுச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை மூடினதும், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல்காரரும், முதல்வர் மருந்தகம் நடத்துற ஒரு தங்கச்சியும் சேர்ந்திருக்காங்க. ஆளுக்கு ஒரு சீட்டு, பேரை மறைச்சு. தங்கச்சிக்கு எங்களைவிடப் புது மருந்து தெரியும், நாக்கும் கூர்மை. எதிர்க்கடைக்காரர் எழுதுற கவரைப் பார்த்து, "அண்ணா, இதைப் படிக்க உங்க வீட்டுல யாராவது வேணும்"னா. அவர் இப்போ பெரிய எழுத்துல எழுதுறார்.

இது விதிப்படி ரெப்ரெஷரா கணக்காகுமான்னு கேட்கிறீங்க. ஆகாது, கவுன்சிலோ, அவங்க ஏத்துக்கிற அமைப்போ நடத்தணும். அதுக்கு வேற நாள், வேற ஹால், போகத்தான் போறோம். கவுன்சில்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு யோசனை: ஹாலைக் குறைச்சு, தாலுகாவுக்கு நாலு நாலு கடையா உட்கார வச்சு, பேசின சீட்டுகளை எழுதி வாங்குங்க. எங்க கையெழுத்து புரியலைன்னா அந்தத் தங்கச்சிகிட்ட கேளுங்க.

காட்பாடி தம்பிக்கு: உங்க தெருக்காரர்கிட்ட போய் உங்க அம்மாவோட எல்லா மருந்தையும் ஒரே பையில கொட்டி, "இதுல எதுக்கும் எதுக்கும் ஆகாது?"ன்னு ஒரு தடவை கேளுங்க. கூட்டம் இல்லாத மத்தியான நேரமா பார்த்துப் போங்க. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொரு அட்டையா திருப்பிப் பார்த்தார்னா, இல்ல "தெரியல, பார்த்துச் சொல்றேன்"ன்னு போன் நம்பர் வாங்கிக்கிட்டார்னா, அவர்கிட்டயே வாங்குங்க. தலையை நிமிர்த்தாம "எல்லாம் சாப்பிடலாம்"னார்னா என்ன நடந்ததுன்னு இங்க வந்து எழுதுங்க. வர்ற ஞாயிறு நான் வார்பரின் அட்டவணை ஒண்ணு போடுறேன், தங்கச்சி சரிபார்த்த அப்புறம்.